ராஜபாளையம் சாலையில் முப்பத்து மூன்று நாட்கள்

 

ராஜபாளையம் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது எது? பலருக்கு அந்த வெண்ணிற வேட்டை நாய். வணிகம் அறிந்தோருக்கு நூற்பாலைகள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலோ பால்கோவா. அல்லது தமிழக அரசின் முத்திரையில் இடம் பெற்றதாகப் பலரும் சொல்லும் 192 அடி உயரக் கோபுரம். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு 11 கிலோமீட்டர் அளவே. மேற்கே நீலமாய் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் இரண்டுக்கும் பொதுச் சொத்து. அம்மலைக்காடு 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021ஆம் ஆண்டு மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆனது.

பயணக் கட்டுரை என்றால் புனித மக்காவையோ, இஸ்தான்புல்லையோ, கார்டோபாவையோ நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. அடியேன் எழுதப் போவது அவ்வளவு தொலைவான பயணம் அன்று. காலையில் ராஜபாளையத்தில் பேருந்து ஏறி, மதுரை சென்று, மாலையில் வீடு திரும்பும் பயணம். ஒரே சாலையில் முப்பத்து மூன்று நாட்கள் சென்று வந்தோம். ஒரு நாளைக்குப் போக வர ஏறத்தாழ 170 கிலோமீட்டர். கூட்டிப் பார்த்தால் 5600 கிலோமீட்டருக்கு மேல். இத்தனையும் ஒவ்வொரு நாளும் சில நிமிடங்களே விழும் ஒரு கதிருக்காக. அந்தச் சில நிமிடங்களில் மனித உடலுக்குள் நடப்பது என்ன என்பதை நான் அறிந்து கொண்டது, என் தவறு ஒன்றினால். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

சத்திரப்பட்டித் தறிகள்

என் பெரியத்தா, அதாவது என் அத்தாவின் மூத்த சகோதரர், அறுபத்தெட்டு வயதுக்காரர். ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கும் சத்திரப்பட்டியில் நாற்பது ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். 1936ஆம் ஆண்டு பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக இவ்வூரில் நூற்பாலைகள் பெருகின. நூலை ஒட்டித் தறிகள் வந்தன. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் வட்டாரத்துத் தறிகளில் நெய்யப்படுவது சேலையோ வேட்டியோ அல்ல. மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. இந்தியாவின் எந்த மூலையிலோ யாருக்கோ ஏற்பட்ட காயத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய வெள்ளைத் துணி, எங்கள் பக்கத்துத் தறியிலிருந்து போனதாக இருக்கலாம்.

பெரியத்தாவுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். தறிச் சத்தத்தில் வேறு பேச்சுத் துணை இல்லாததால், வாயில் வெற்றிலையும் புகையிலையும் அடக்கிக் கொள்வார். மூன்று மாதமாகக் குரல் கம்மியிருந்தது. பிறகு விழுங்கும்போது வலி. கோழைக் கட்டு என்று கஷாயம் குடித்துக் கொண்டிருந்தார். ஒருவழியாக மதுரைக்கு அழைத்துச் சென்று சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தபோது, தொண்டையில் புற்று என்று தெரிந்தது. இன்னும் பரவவில்லை; கதிர் சிகிச்சையால் குணப்படுத்த வாய்ப்பு நன்றாகவே உண்டு என்றார் மருத்துவ அம்மையார். வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், ஆக 35 முறை.

பெரியத்தாவின் மைந்தர் இருவரும் வளைகுடா நாட்டில். நானோ மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன். பாடம் காலை சுபுஹுக்குப் பின்னும் மாலை அஸருக்குப் பின்னும்தான். மாலைப் பாடத்தை இன்னோர் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, துணைக்குப் போகும் பொறுப்பை நான் ஏற்றுக் கொண்டேன்.

நாள்தோறும் அதே சாலை

காலை வெயில் ஏறுமுன் பேருந்து புறப்படும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றதும் பால்கோவா விற்பவர்கள் சன்னலோரம் வருவார்கள். அடுத்துக் கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, டி. கல்லுப்பட்டி, திருமங்கலம், திருப்பரங்குன்றம், பிறகு மதுரை. முதல் வாரம் பெரியத்தா ஊரையும் வயலையும் வேடிக்கை பார்த்துக் கொண்டே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறு பொட்டலம் பால்கோவா வாங்கி, தாமும் உண்டு எனக்கும் கொடுப்பார். நடத்துநர் எங்களுக்காக முன் இருக்கையை ஒதுக்கி வைக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்.

மருத்துவமனையில் அவரது முகத்துக்கும் கழுத்துக்கும் அச்செடுத்து, வலை போன்ற முகமூடி செய்து வைத்திருந்தார்கள். அதை மாட்டிப் பலகையோடு இணைத்துவிட்டால் தலை அசையாது. கதிர் விழுவது மில்லிமீட்டர் பிசகாமல் விழ வேண்டுமல்லவா? வலி இல்லை, சூடு இல்லை, சத்தம் மட்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

“இதற்கா தம்பி இவ்வளவு தூரம்? மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்து அனுப்பினால் என்ன?” என்று இரண்டாம் நாளே கேட்டார் பெரியத்தா. நான் கலைப் பட்டம் பெற்றவன். அறிவியலைப் பள்ளிப் படிப்போடு விட்டவன். பதில் தெரியவில்லை. மருத்துவ அம்மையாரிடமே கேட்டேன்.

ஏன் சிறிது சிறிதாக?

“பாய், உங்கள் ஊர்ப் பக்கம் பால்கோவா கிண்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். “பால் ஒரே சீரான தீயில் மெல்ல மெல்லச் சுண்ட வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்கத் தீயை ஏற்றினால் அடிபிடித்துவிடும். இங்கே அடிபிடிப்பது உங்கள் பெரியவருடைய நல்ல சதை.”

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ரோன்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டார். சில மாதங்களிலேயே அதைப் புற்றின்மீது செலுத்திப் பார்த்தனர். பல இடங்களில் ஒரேயடியாகப் பெரும் அளவைக் கொடுத்தார்கள். கட்டி கரைந்தது, கூடவே தோலும் தசையும் வெந்து புண்ணாயின. பாரிஸ் நகரின் ரேடியம் நிலையத்தில் குளோட் ரெகோ என்ற அறிஞர் ஆட்டுக்கிடாய்களை வைத்து ஆராய்ந்தார். கிடாயை ஒரே தடவைக் கதிரால் மலடாக்க முயன்றால், மேல் தோல் கடுமையாகக் கெட்டது. அக்கதிரைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து கொடுத்தபோதோ, கிடாய் மலடாயிற்று; தோல் தாங்கிக் கொண்டது. விரைந்து பெருகும் செல்கள் ஒரு பக்கம், நிதானமாக வாழும் திசு மறு பக்கம். இரண்டும் கதிரைத் தாங்கும் விதம் வேறு என்பது விளங்கியது. அந்நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி கூட்டார், 1920களில் இம்முறையைத் தொண்டைப் புற்று நோயாளிகளுக்கே பயன்படுத்தினார். பெரியத்தாவின் நோய்க்கும் இம்முறைக்கும் ஏறத்தாழ நூறாண்டு உறவு!

நம் தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாமல், 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். 1957ஆம் ஆண்டு அங்கே கோபால்ட் கதிர் இயந்திரம் நிறுவப்பட்டது. அந்நாளில் தென்கோடி மக்கள் இரயிலேறிச் சென்னைக்குப் போய் வாரக்கணக்கில் தங்க வேண்டும். இன்று எங்களால் வீட்டில் உறங்கி மதுரைக்குப் போய் வர முடிகிறது.

அறுந்த இழையும் முடிச்சும்

கதிரின் அளவைக் கிரே என்ற அலகால் குறிப்பிடுகின்றனர். பெரியத்தாவுக்கு நாளொன்றுக்கு 2 கிரே. 35 நாளுக்கு 70 கிரே. இந்த 2 கிரே உடலுக்குள் செய்வது என்ன?

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் இரட்டை இழை, ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கிறது. செல் எப்படி வாழ வேண்டும் என்ற ஏடு அது. 2 கிரே கதிர் பாய்ந்தால், ஒவ்வொரு செல்லிலும் ஒற்றை இழை அறுபடும் இடங்கள் ஏறத்தாழ 2000. இரண்டு இழையும் ஒருசேர அறுபடும் இடங்கள் ஏறத்தாழ 70 முதல் 80. ஒற்றை இழை அறுந்தால் பெரிய கவலையில்லை. எதிர் இழையைப் பார்த்துச் செல் அதைச் சரி செய்துவிடும். இரண்டும் அறுந்தால்தான் ஆபத்து.

இதைப் பேருந்தில் பெரியத்தாவுக்கு விளக்கியபோது அவர் முகம் மலர்ந்தது. “இது நம்ம தறிக் கதைதானே தம்பி! பாவில் ஒரு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நூலைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவோம். நிற்காமல் ஓடினால் துணி முழுக்கப் பழுது” என்றார்.

ஆம், வாசகர்களே! செல்லுக்குள்ளும் அத்தகைய நிறுத்தி ஒன்று இருக்கிறது. இழை அறுந்தது தெரிந்ததும் நல்ல செல், இரண்டாகப் பிரியும் வேலையை நிறுத்தி வைக்கிறது. பழுது பார்த்த பின்பே தொடர்கிறது. சரி செய்யவே முடியாதென்றால் தன்னைத்தானே அழித்துக் கொள்கிறது. புற்று செல்கள் பலவற்றில் இந்த நிறுத்தி கெட்டுப் போயிருக்கும். அறுந்த இழையோடே அவசரமாகப் பிரியப் போய், பிரியும் வேளையில் அவை மடிகின்றன. இன்று கதிர், நாளை கதிர் என்று தொடரும்போது, நல்ல செல் ஒவ்வோர் இரவும் முடிச்சுப் போட்டுத் தேறுகிறது. புற்று செல்லுக்கோ பழுது மேல் பழுது சேர்கிறது.

1959ஆம் ஆண்டு அமெரிக்காவில் எல்கைண்ட், சட்டன் என்ற இருவர் இதைச் சோதனையில் காட்டினர். ஒரே தடவையில் கொடுக்கும் கதிரை இரண்டாகப் பிரித்து, நடுவே சில மணி நேரம் இடைவெளி விட்டால், உயிர் தப்பும் செல்கள் அதிகம். இடைவெளியில் செல் தன்னைப் பழுது பார்த்துக் கொள்கிறது. டி.என்.ஏ. தன்னைச் செப்பனிடும் வழிகளை ஆராய்ந்தமைக்காக 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருவர் அஜீஸ் சன்ஜார். துருக்கியின் சாவூர் என்னும் சிற்றூரில், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் இது.

பகிர்ந்து கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கட்டியின் நடுப்பகுதிக்குப் பிராண வாயு சரியாகச் செல்வதில்லை. பிராண வாயு இல்லாத செல், உள்ள செல்லைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கதிரைத் தாங்கும். வெளிப்புறச் செல்கள் மடிய மடிய, உள்ளே இருப்பவற்றுக்குப் பிராண வாயு எட்டுகிறது. மறுநாள் கதிருக்கு அவையும் இரையாகின்றன. ஒரே நாளில் கொடுத்திருந்தால் அவை தப்பியிருக்கும்.

நான் செய்த தவறு

மூன்றாம் வாரத்தில் பயணத்தின் நிறம் மாறிற்று. பெரியத்தாவின் கழுத்துத் தோல் கருத்தது. வாய்க்குள் புண். நாக்கில் சுவை அறவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா பொட்டலத்தை ஒரு நாள் வாயிலிட்டுவிட்டு, “மண்ணைத் தின்பது போல் இருக்கிறது தம்பி” என்று என் கையில் கொடுத்தார். அதன் பிறகு அவர் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டிலும் ஒரு வேதனை. கதிர் ஏறிய உடம்பு என்று அஞ்சி, அவருடைய தம்ளரைத் தனியே வைத்தார்கள். பேரப் பிள்ளைகளை மடியில் விடவில்லை. வெளியிலிருந்து செலுத்தும் கதிர், விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போவது போல, இயந்திரம் நின்றதுமே போய்விடும். நோயாளியின் உடம்பில் தங்காது. இதை அம்மையாரிடம் கேட்டுத் தெளிந்து வந்து பெரியம்மாவிடம் சொன்ன அன்று இரவு, பேத்தி அவர் மடியில் உறங்கினாள்.

நான்காம் வாரம் வியாழக்கிழமை ரமளான் முதல் பிறை. புதன் இரவு பெரியத்தா என்னை அழைத்தார். “ஐம்பது வருடமாக ஒரு நோன்பு விட்டதில்லை. முதல் சில நோன்பாவது பிடிக்கிறேன். உடம்பும் ஓய்வு கேட்கிறது. செவ்வாய்க்கிழமை போவோம். நான்கு நாளில் என்ன கெட்டுவிடும்?” என்றார்.

நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம் என்று சிறுவர்களுக்கு ஆண்டுதோறும் ஓதிக் கொடுப்பவன் நான். பெரியத்தாவோ அன்று நோயாளியும் பயணியுமாக இருந்தார். என்றாலும் அந்த மூத்தவரின் கண்ணீருக்கு முன் என் வாய் அடைத்துப் போயிற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தினமும் அலைந்து நானும் களைத்திருந்தேன், ஓய்வு எனக்கும் வேண்டியிருந்தது. மருத்துவமனைக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் நின்றுகொண்டோம். வியாழன், வெள்ளி, திங்கள் என மூன்று கதிர்கள் தவறின. இடையே விடுமுறையான சனியும் ஞாயிறும் சேர்ந்து, ஐந்து நாட்கள் கதிரே இல்லை.

செவ்வாய்க்கிழமை போனபோது அம்மையார் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. “நீங்கள் ஓய்வு எடுத்தீர்கள். கட்டி ஓய்வு எடுக்கவில்லையே, பாய்” என்றார்.

பிறகு விளக்கினார். திரும்பத் திரும்பக் கதிர் படும்போது, நல்ல செல் மட்டுமா சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக் கொள்கிறது? எஞ்சியிருக்கும் புற்று செல்லும் மாறுகிறது. ஏறத்தாழ நான்கு வாரம் கழிந்ததும், தப்பிய புற்று செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்துப் புற்றுகளில் இதை 1988ஆம் ஆண்டு விதர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டுக் காட்டினர். அக்கட்டத்துக்குப் பின் சிகிச்சை ஒரு நாள் நீண்டால், அன்றைய பெருக்கத்தை ஈடு செய்ய மட்டுமே ஏறத்தாழ 0.6 கிரே செலவாகிறது. 2 கிரேயில் 0.6 போனால் மிச்சம் எவ்வளவு? நாங்கள் நின்றது சரியாக அந்த நான்காம் வாரத்தில்!

டென்மார்க்கில் 1485 நோயாளிகளை வைத்து நடந்து, 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு இதை மெய்ப்பித்தது. மொத்தக் கதிர் ஒன்றே. ஒரு பிரிவினருக்கு வாரம் ஐந்து முறை. மற்றவருக்கு வாரம் ஆறு முறை. ஐந்தாண்டுகளுக்குப் பின், நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 60 பேர். விரைவில் முடித்த பிரிவில் 70 பேர். ஒரு வாரம் முன்னே முடித்ததால் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதல்!

விட்ட நோன்புக்குக் களா உண்டு என்பதை அறிந்திருந்த நான், விட்ட கதிருக்கு அத்தனை எளிதான களா இல்லை என்பதை அறியாதிருந்தேன். பிறர் உயிரைக் கையில் பிடித்துக் கூட்டிச் செல்பவனுக்கு அறியாமை ஒரு சாக்கு ஆகாது.

ஆறு மணி நேரம்

“ஈடு செய்ய வழி இல்லையா?” என்று கேட்டேன். “இருக்கிறது. ஆனால் கடைசியில் மூன்று நாளைச் சேர்ப்பது வழியன்று, குறித்த நாளிலேயே முடிக்க வேண்டும்” என்றார். ஒரு சனிக்கிழமை இயந்திரத்தில் எங்களுக்காக நேரம் ஒதுக்கினார். அடுத்து வந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என இரண்டு கதிர்கள். ஆக, வராத மூன்றும் ஏழு வாரத்துக்குள்ளேயே அடங்கின. அதனால்தான் 35 கதிருக்கு 33 நாட்கள்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒரு நிபந்தனை: இரண்டு கதிருக்கும் இடையே குறைந்தது ஆறு மணி நேரம் இருந்தாக வேண்டும். எதற்கு? நல்ல செல் தன் இழைகளை முடிச்சுப் போட்டு முடிக்க வேண்டுமே! அந்த அவகாசத்தைக் குறைத்தால் நல்ல சதையும் புற்றோடு சேர்ந்து கெடும்.

ஆகவே காலைக் கதிர் முடிந்ததும் காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலுக்குப் போனோம். ஜும்ஆ முடிந்தது. கூட்டம் கலைந்த பின், குளிர்ந்த தரையில் பெரியத்தா சுவரோரம் கண்மூடிப் படுத்திருந்தார். மின்விசிறி சுழலும் ஓசை மட்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அந்த மனிதரின் தொண்டைக்குள் கோடிக்கணக்கான செல்கள், யாரும் சொல்லாமலே, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுக் கொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்தது. சுப்ஹானல்லாஹ்! நாற்பது ஆண்டு தறி ஓட்டியவர் உறங்குகிறார். அவருக்குள் ஒரு தறி உறங்கவில்லை.

அந்த ரமளானில் அவர் மேலும் நோன்பு நோற்கவில்லை. பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சிதான், ஆற வைத்து வடிகட்டி, அவரது புண்பட்ட தொண்டையில் இறங்கிய உணவு. நோன்பு பிடிக்காத நோயாளி என்பதற்காக அதை ஊற்றுபவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. பெருநாள் வரை ஒரு தூக்கு தனியே எடுத்து வைத்தார்.

சாலையின் மறுமுனை

எங்கள் சாலைக்கு 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். ஒரு முனை மதுரைக்கு அருகே திருமங்கலம். மறுமுனை, தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டி, கேரளத்தின் கொல்லம். ஒரு நாள் பேருந்தில் உடன் வந்த முதியவர் ஒருவர், “கொல்லம் பக்கம் கடற்கரை மணலிலேயே கதிர் இருக்கிறதாம், அங்கே போய் உட்கார்ந்தால் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுமாம்” என்றார். உண்மை என்ன?

கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் மோனசைட் என்னும் கனிமம் கலந்த மணல் இருப்பதும், அதில் தோரியம் இருப்பதால் இயற்கைக் கதிர் மிகுதி என்பதும் மெய். கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டுகள் கண்காணித்து 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அக்கதிரால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை. 1984ஆம் ஆண்டு ஒலிவியேரி முதலானோர் இன்னொன்றைக் கண்டனர். மனித இரத்தத்தின் வெள்ளணுக்களுக்கு முன்னதாக மிகச் சிறிய அளவு கதிரைக் காட்டிவிட்டு, பிறகு பெரிய அளவைக் கொடுத்தால், எதிர்பார்த்ததைவிடக் குறைவான சேதமே ஏற்பட்டது. சிறு கதிர், செல்லின் பழுது பார்க்கும் படையைத் தட்டி எழுப்பிவிடுகிறது போலும்.

ஆனால் இதைக் கேட்டு யாரும் மணலில் போய்ப் படுத்துவிட வேண்டாம்! அந்த விழிப்பு நெடுங்காலம் நீடிப்பதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சிலரிடம் தோன்றுவதே இல்லை. அது ஆய்வுக் கூடத்துச் செய்தியே ஒழிய மருந்து அன்று. சிகிச்சைக் கதிர் அளந்து, குறி பார்த்து, நாளும் நேரமும் கணித்துக் கொடுக்கப்படுவது. இரண்டையும் ஒன்றாக்கலாகாது.

பால்கோவாவின் சுவை

முப்பத்து மூன்றாம் நாள் முகமூடியைக் கழற்றிக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்த பின்பும் இரண்டு வாரம் வாய்ப்புண் கடுமையாகவே இருந்தது. பின்னர் வாயின் உட்தோலிலிருந்த நல்ல செல்கள் பெருகிப் பெருகி, புண்ணை மூடிவிட்டன. ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து எடுத்த சோதனையில் கட்டி காணப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ். இன்னும் குறித்த காலத்தில் பரிசோதனைக்குப் போய் வருகிறோம். எச்சில் குறைவால் எப்போதும் தண்ணீர் பாட்டில் கையில் இருக்கிறது. எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களோடு வரிசையில் அமர்ந்திருந்தவர்களில் சிலர் இன்று இல்லை.

அந்த ஆண்டு கார்த்திகை, மார்கழியின் குறும்பகல்களில், மருத்துவரின் அனுமதியோடு, பெரியத்தா தம் நோன்புகளைக் களாச் செய்தார். ஒரு பரிசோதனைக்குப் போய்த் திரும்பும் வழியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து நின்றது. அவரே சன்னலைத் திறந்து பொட்டலம் வாங்கினார். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பண்டம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துக் கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “இனிக்கிறது தம்பி” என்றார். நான் மலையைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக் கொண்டேன்.

வாசகர்களே! உங்கள் வீட்டில் எவருக்கேனும் குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், ஆறாத வாய்ப்புண் இருந்தால், கஷாயத்தோடு நின்றுவிடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பவரிடம் இன்றே பேசுங்கள். கதிர் சிகிச்சை தொடங்கிவிட்டால், திருமணம் வந்தாலும், பெருநாள் வந்தாலும், களைப்பு வந்தாலும், நாளைத் தவற விடாதீர்கள். தவறவே நேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். துணைக்குப் போகிறவர் நீங்களானால், உங்கள் களைப்பையும் நோயாளியின் ஓய்வு ஆசையையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். அந்தத் தவற்றைச் செய்தவன் சொல்கிறேன்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண நலத்தையும், அவர்களைத் தாங்குவோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.